கேலரிக்கு வெளியே நின்ற வேன்

1. முதல் டிரிப்

முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். கல்யாணம், வேளாங்கண்ணி, மெடிக்கல் காலேஜ் என்று எல்லா டிரிப்பும் அடித்தாயிற்று. கால்பந்துக்கு ஆள் ஏற்றியது கடைசி இரண்டு சீசன்தான். இப்போது அமரவிளையில் டிராவலர் வேன் எடுத்திருக்கும் பிள்ளைகள் சிலர் மேட்ச் டிரிப் எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொழியூர் சர்ச் முக்கில் மத்தியானம் வண்டியைப் போட்டபோது, பதினேழு சீட்டுக்கு இருபத்தொரு பேர் நின்றார்கள். கூடவே இரண்டு செண்டை மேளம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் படிக்கவும்.

அந்த ஊர்ப் பையன் பிரிஜின், திருவனந்தபுரம் டீமில் இடது பக்கம் தடுத்து ஆடும் லெஃப்ட் பேக். பெரிய லீக் இல்லை, ஆனாலும் சம்பளம் வாங்கி ஆடுகிற ஆட்டம். அவனைப் பார்க்கத்தான் இத்தனை பேர். ஆள் சேர்த்தது டைட்டஸ், படகு எஞ்சின் மெக்கானிக். எனக்கும் ஒரு டிக்கெட்டை நீட்டினான்.

"வண்டிக்குள்ள இருந்து புழுங்காண்டாம் அண்ணே. உள்ள வாருங்க."

பார்க்கிங் கிடைத்து நான் கேலரிக்குப் போகும்போது ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம். நாங்கள் ஒரு கோல் முன்னால். நான் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிர் டீம் கோல் போட்டது. கடைசியில் மூன்றுக்கு ஒன்று, அவர்கள் பக்கம்.

 திரும்பும்போது டைட்டஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் முதலில் பிளக்கைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அடுத்த மேட்சில் பாதி நேரத்துக்கு ஒரு கோல் பின்னால் இருந்தோம். டைட்டஸ் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அண்ணே, வண்டிய ஒருக்கா பாத்துட்டு வருவியளா?"

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாத்துட்டு அங்கயே இரியுங்க."

போனேன். இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். டைட்டஸுக்குப் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது.

கடலுக்குப் போகும் அவர்கள் தொழிலில் இது சாதாரணம். புதிதாக ஒருவன் ஏறின நாளிலிருந்து வலை காலியாக வந்தால் சண்டை போடமாட்டார்கள். "இன்னைக்கு ஆள் மதி" என்பார்கள். போதும் என்று அர்த்தம். அவனும் மனசு கோணாமல் வேறு படகு பார்ப்பான். மூன்றாவது டிரிப்பிலிருந்து எனக்கு டிக்கெட் கிடையாது. பரோட்டா மட்டும் உண்டு. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒருத்தர் மேலும் உரசாமல் ஓட்டியவனுக்கு ராசி இல்லையாம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சீசன் முழுக்க டிரிப் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

2. நேற்றைய மீன்

அந்த மூன்றாவது டிரிப்பில் முன் சீட்டில் ஏறியவர் ஸ்டெல்லா. பிரிஜினின் அம்மா, வீடு வீடாக மீன் விற்பவர். ஸ்டேடியம் வந்தது. எல்லோரும் செண்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இவர் இறங்கவில்லை.

"நீங்க போவல்லியா?"

"நான் இஞ்ச இருந்துக்கிடுதேன் அண்ணே."

பிறகு சொன்னார். முன்பு நெய்யாற்றின்கரையில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார். அம்மா வந்திருக்கிறாளா என்று மகன் கேலரியைத் திரும்பிப் பார்த்த நேரம், பந்து அவனைத் தாண்டிப் போய் கோல். அதிலிருந்து மகன் ஆடும் எந்த ஆட்டத்துக்கும் உள்ளே போவதில்லை. ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. குடும்பத்துக்கென்று டீம் கொடுக்கும் இரண்டு டிக்கெட்டும் ஒவ்வொரு முறையும் ஜெபமாலைப் பையிலேயே இருக்கும்.

இப்படியாக, ராசியில்லாத இரண்டு பேர் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்தோம்.

முதலில் என் போனில் ஆட்டத்தை வைத்துக் கொடுத்தேன். உள்ளே கூட்டம் கத்தி ஓய்ந்து, அரை நிமிஷம் கழித்துத்தான் போனில் கோல் விழுந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அது நேத்தைய மீனாக்கும். வேண்டாம்."

அதனால் காதால் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். சத்தம் மெல்ல மெல்ல ஏறினால் பந்து நம் ஆளிடம். ஏறி உடைந்தால் கோல். ஏறி "ஆ" என்று இறங்கினால் வெளியே அடித்துவிட்டான். திடீரென்று எல்லோரும் கெட்ட வார்த்தை சொன்னால் ரெஃப்ரி. செண்டை ஒரே சீராக அடித்தால் ஆட்டம் மந்தம். நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா ஜெபமாலை உருட்டுவார். கோல் என்றால் மட்டும் நிறுத்திவிட்டு, "அவனா?" என்பார். லெஃப்ட் பேக் எங்கே கோல் போடுவது. "இல்ல, வேற ஆளு" என்பேன். மறுபடி உருட்டுவார்.

நான் தவறாகச் சொன்னது குறைவு. அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

3. செண்டை நின்றது

லீக்கில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் செமி ஃபைனல், சமன் ஆனாலும் சீசன் முடிந்தது. நல்ல வெயில். முதல் பாதியிலேயே சத்தம் ஏறி உடைந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னால்.

இரண்டாம் பாதி நடுவில் எல்லாச் சத்தமும் நின்றது. கெட்ட வார்த்தை இல்லை, விசில் இல்லை. அப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

"இது என்ன அண்ணே?"

"தண்ணி குடிக்க விட்டிருப்பாவ."

"தண்ணி குடிக்கும்பம் செண்ட நிக்காது."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கேட்டில் செக்யூரிட்டி கை நீட்டினான். ஸ்டெல்லா ஜெபமாலைப் பையைத் திறந்து ஒரு டிக்கெட்டை அவனிடமும், ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.

நான் அங்கே நின்றுவிட்டேன். நான் உள்ளே போய் ஆட்டம் கைவிட்டுப் போனால் இருபத்தொரு பேரின் சீசனும் என் தலையில் விழும், அடுத்த வருஷம் டிரிப்பும் போகும். பயமாகத்தான் இருந்தது.

"தனியா போவ பயமாட்டு இருக்கு அண்ணே, வாருங்க" என்றார். போனேன்.

எங்கள் கண்ணெதிரே, லெஃப்ட் சைடு கோட்டருகே பிரிஜின் கிடந்தான். தலையும் தலையும் மோதியிருக்கிறது. புருவத்தில் ரத்தம். ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. ஸ்டெல்லா கத்தவில்லை. என் சட்டையின் முதுகுப்புறத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே டைட்டஸ் என்னைப் பார்த்துவிட்டான். அவன் முகம் போன போக்கை எழுத முடியாது.

பையன் எழுந்து உட்கார்ந்தான். கட்டுப் போட்டார்கள். டாக்டர் விரல்களைக் காட்டி ஏதோ கேட்டார். எழுந்து நின்றான்.

"மறைச்சு நில்லுங்க அண்ணே. பய என்னப் பாக்கக்கூடாது."

நான் கொஞ்சம் அகலமான ஆள்தான். மறைத்து நின்றேன். அவர் என் முதுகைப் பார்த்து நிற்க, நான் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். பந்து அவன் கிட்ட. தட்டிட்டான். நல்லா ஓடுதான். அந்த சீசனில் கண்ணால் பார்த்துச் சொன்ன ஆட்டம் அது ஒன்றுதான்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர் டீம் கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. சீசன் முடிந்தது.

4. நெய்யாற்றின்கரையில் சாயா

பிரிஜினும் எங்களோடு வண்டியில் வந்தான்.  பாலராமபுரம் தாண்டியதும் ஸ்டெல்லா பின்னால் திரும்பாமலேயே சொன்னார்: "அண்ணன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாண்டாம். நானாக்கும் கூட்டிட்டு வந்தது. ராசி கெட்டவ நானாக்கும்."

கட்டுப் போட்ட தலையோடு பிரிஜின் சிரித்தான். "அம்மா, அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் சேல தெரிஞ்சுது. நான் பாக்கமாட்டனா? எழும்பின ஒடனே பாத்தாச்சு."

"பாத்துட்டா பந்த விட்ட?"

"கோல் போனது ரைட் சைடு வழியாக்கும். என் பக்கம் ஒருத்தனும் வரல்ல."

 ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். நெய்யாற்றின்கரையில் சாயா குடிக்க நிறுத்தினோம். டைட்டஸ் முதல் கிளாஸை என்னிடம் கொண்டுவந்தான்.

"அண்ணே, நிங்க எந்த சைடு நின்னிய?"

"லெஃப்ட்."

யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவன் விழுந்தப்பம் நாங்க இத்தன பேரும் செண்டைய நிறுத்திட்டு இருந்த எடத்துல இருந்தோம். வெளிய கிடந்த நிங்க ரெண்டு பேருமாக்கும் ஓடி வந்தது."

அவ்வளவுதான். சாயா கொஞ்சம் ஆறியிருந்தது. நான் குடித்தேன்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெயிட்டிங்கில் தூங்கவேண்டாம். உள்ளே போனவர்களின் சத்தத்தில் ஒரு காதை வையுங்கள். அது நின்றுவிட்டால் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு டைட்டஸ் என் டிக்கெட்டை முந்தின நாளே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்டெல்லா எனக்குப் பக்கத்து இருக்கை. யாரும் யாரையும் மறைக்கவில்லை. பாதி நேரத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். டைட்டஸ் எழுந்து என் பக்கம் வந்தான். நான் சாவியை எடுத்துக்கொண்டு எழப்போனேன்.

"எங்க போறிய?" என்றான். "வண்டி அங்கதான் நிக்கும். இரியுங்க."

கையில் கடலைப் பொட்டலம் வைத்திருந்தான்.