மாமனாரும் பீப்பாய் இறைச்சியும்

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் என் மாமனார் எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவார், வாசல் பக்கம் முக்காலியில் உட்கார்வார், மகளைப் பார்ப்பார், தண்ணீர்கூட வேண்டாமென்று போய்விடுவார். அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை ஒரு படகு டிரைவர். மகளோ, துறைமுக ஆபீசில் பேனா பிடிக்கிற என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அந்த டிரைவரின் தோளையும் என் தோளையும் பார்த்த யாரும் மாமனார் பக்கம்தான் பேசுவார்கள். நானே பேசியிருப்பேன்.

அவர் வந்து போன பிறகு என் மனைவி அவருக்கென்று எடுத்து வைத்த தட்டைத் திரும்ப அடுக்கில் வைப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமனார் முப்பது வருஷம் வெள்ளைக்காரக் கப்பல்களில் சமையல்காரர். மகள் வைத்த மீன் குழம்புக்கே அசையாதவர், கப்பல் சாப்பாட்டுக்கு அசையமாட்டாரா? பன்றி இறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் நானே சமைப்பதென்று முடிவு செய்து, மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் சமையல் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். படித்தால் வராத வித்தை இல்லை என்பது என் கட்சி. நீச்சலும் அப்படித்தான் படித்தேன். இன்றுவரை முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை.

"உனுக்கு வென்னி வெக்கத் தெரியுமாய்யா?" என்றாள் மனைவி.

"தெரியாததைச் சொல்லத்தானே புஸ்தகம்?"

"அப்ப புஸ்தகத்தயே வேக வெச்சிக் குடு. நைனா கண்டிப்பா துன்னுவாரு."

கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கடையில் இருந்த நண்பன் பீப்பாயிலிருந்து பன்றி இறைச்சி ஒரு பெரிய துண்டு எடுத்துக் கொடுத்தான். "கெடவே கெடாது மாமு" என்றான். ஏன் கெடாது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் எந்தக் கவிச்சியானாலும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி வைத்துத்தான் கழுவுவார்கள். அதைச் செய்தேன். பிறகு புத்தகம் சொன்ன உப்பையும் போட்டு வேக வைத்தேன். புத்தகம் பேசுவது பச்சை இறைச்சியைப் பற்றி, என் சட்டியில் கிடப்பதோ மாசக்கணக்காக உப்பில் ஊறியது என்ற விவரம் எங்கள் இருவருக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் என்றால் புத்தகத்துக்கும் எனக்கும்.

சாயங்காலம் ருசி பார்த்தேன். காசிமேட்டுக் கருவாடு இதன் பக்கத்தில் பாயசம். மனைவியும் ஒரு துண்டை வாயில் போட்டு, ஓடிப்போய்த் துப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"இன்னிக்கும் துன்னாமத்தான் போவாரு" என்றாள்.

அதே நேரத்தில் வாசலில் மாமனார். முக்காலியில் உட்காரப் போனவர் மூக்கைத் தூக்கினார்.

"இன்னாடி இது, பீப்பா வாசன?"

விடுவிடுவென்று சமையலறைக்குள் வந்தார். விரலால் சட்டித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உப்புக்கண்டத்துக்கு உப்பு போட்ட மொத ஆளு நீதான்யா. கப்பல்ல இத்த செஞ்சிருந்தா உன்னியத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பானுங்க."

"கடல்லயும் உப்புதான் நைனா" என்றாள் மகள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தார். அதையும் கொட்டினார். மறுபடியும் ஊற்றினார். தெருக் குழாய்க்கும் அடுப்புக்கும் குடம் சுமந்தது நான். அந்தத் தோளுக்கு அன்று நல்ல பரீட்சை.

"கெயங்குக்கு உப்பே வாணாம். கறில கீறது போதும். டப்பாவ இந்தாளு கைக்கு எட்டாம வை" என்று மகளிடம் சொன்னார். வெந்த கிழங்கைப் பருப்பு மத்தால் நசுக்கி, பாலும் வெண்ணெயும் விட்டு, கட்டியில்லாமல் கடைந்தார். இறைச்சியை மெல்லிசாக அரிந்து வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினார். வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை நெருப்பு கேட்டு வந்தார். அவர் பீடி பிடித்து நான் பார்த்ததில்லை.

மனைவி இரண்டு தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். வைக்கவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னா நிக்கிற? கப்பல்ல சமைக்கிறவன் மொதல்ல துன்னணும். அப்பாலதான் மத்தவன் வாயில வெப்பான். ரூலு. போடு."

தட்டை அவரே வாங்கி உட்கார்ந்தார். ஒரு வாய், இரண்டு வாய். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் புகையைத் திட்டினாள். அடுப்பை அணைத்து நெடுநேரமாகியிருந்தது.

பிற்பாடு எத்தனையோ கப்பல்காரர்களிடம் விசாரித்துவிட்டேன். அப்படியொரு ரூல் எந்தக் கப்பலிலும் கிடையாதாம். ஆனால் அன்று இரண்டாம் தடவை கிழங்குக்காக மகளிடம் தட்டை நீட்டியபோது, அவர் எந்த ரூலையும் சொல்லவில்லை.