ஜெரார் வாங்கிய லூனெட்

போன கிழமை ஜெரார் தன் துவக்கை விற்றுவிட்டார். பெட்டிக்குள்ளேயே கிடந்த லூனெட்டும் சேர்ந்து போய்விட்டது. வாங்கிய நாளிலிருந்து அதற்குள்ளால் பார்த்து அவர் ஒரு வெடிகூட வைத்ததில்லை.

லூனெட் என்றால் நம் வீடுகளில் மூக்குக்கண்ணாடி. பிரெஞ்சுக்காரருக்கோ மூக்கில் போடுவதும் லூனெட், வேட்டைத் துவக்கில் குறி பார்க்கப் பூட்டுகிற தூரக்கண்ணாடியும் லூனெட். எனக்கு இது தெரிய வந்ததே கடந்த கார்த்திகையில்தான். யோகன் போன் எடுத்து, “அண்ணை, பத்ரோனுக்கு ஒரு லூனெட் வாங்கவேணும். நீங்களும் வாங்கோ” என்றபோது, கண்ணாடிக் கடைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்கே போயிருக்கலாம் — இப்போது நினைக்கிறேன்.

யோகன் வன்னியிலிருந்து வந்தவர். சண்டை முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, எப்படியோ பாரிஸ் வந்து சேர்ந்தார். மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி ஓர் அறையில் இருக்கிறார். ஜெரார் அவருடைய பத்ரோன் — முதலாளி. சின்ன பிரெஞ்சு உணவகம். கோப்பை கழுவ வந்த யோகனுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, சோஸ் வைக்கப் பழக்கி, கடைசியில் அடுப்பையே அவரிடம் ஒப்படைத்தவர். முக்கியமாக, வேலைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவர். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் யோகனுக்கு விசா இல்லை. இங்கே வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா என்ன?

ஜெராருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று உணவகம். மற்றது காட்டுப்பன்றி.

வேட்டைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சொலோஞ் காட்டுக்குப் போவார். யோகனும் கூடப் போவார். துவக்குப் பிடிக்க அல்ல — செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, தடியால் பற்றைகளைத் தட்டி, சத்தம் போட்டுப் பன்றியைக் கலைக்கிற ஆட்களில் ஒருவராக. கலைபட்டு ஓடி வருகிற பன்றியை மற்றப் பக்கம் வரிசையாக நிற்கிற வேட்டைக்காரர் சுடுவார்கள். பன்றி அவர்களைக் கடந்து போன பிறகுதான் சுடலாம். கலைக்கிற ஆட்கள் இருக்கிற பக்கம் துவக்கைத் திருப்பவே கூடாது.

“உமக்கு அந்த வெடிச் சத்தம் ஒண்டும் செய்யாதோ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“முதல் நாள் செய்தது, அண்ணை. பிறகு பழகிட்டுது. காடு நல்லாயிருக்கும்” என்றார்.

அவ்வளவுதான். யோகன் கதைக்கிற ஆள் இல்லை.

கடைக்குப் போக வேண்டும் என்றதும், நாலு நாள் இணையத்தில் துவக்கு லூனெட்டுகளைப் பற்றிப் படித்தேன். (என் போனில் இன்றுவரை வேட்டைச் சப்பாத்து விளம்பரம் வருகிறது.) மலிவானதும் வேண்டாம், கார் விலையில் இருப்பதும் வேண்டாம், நடுத்தரம் போதும் என்பது ஜெராரின் கட்டளை. நடுத்தரத்தில்தான் குழப்பமே. மத்தியான வெயிலில் எல்லா லூனெட்டும் நல்ல லூனெட். பொழுதுபடும் நேரத்தில்தான் ஒன்று கறுக்கும், ஒன்று துலங்கும். முன்கண்ணாடி பெரிதென்றால் வெளிச்சம் கூட, பாரமும் கூட. உருப்பெருக்கம் கூடினால் தூரத்து மான் கிட்ட வரும் — கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். நெடுந்தூரம் சுடுகிறவருக்கு வேண்டியது வேறு, பற்றைக்குள்ளிருந்து பாய்கிற பன்றிக்கு வேண்டியது வேறு.

இவ்வளவும் படித்து முடித்து, கடைக்குப் போகிற வழியில் யோகனிடம் கேட்டேன்: “அவரிட்டை இருக்கிற லூனெட்டுக்கு என்ன பிழை?”

யோகன் நடையை நிறுத்தினார். ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே, ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போகிற இடத்தில் நின்று சொன்னார்.

“அண்ணை, இதை ஆருக்கும் சொல்லாதேங்கோ. போன ஞாயிறு அவர் என்னைச் சுட்டவர்.”

எனக்கு விளங்கவில்லை.

“பண்டி எண்டு நினைச்சுச் சுட்டவர். அங்கை பண்டியே இல்லை. விழுந்த மரம் ஒண்டு வேரோடை கிடந்தது, அதுக்குப் பக்கத்திலை நான் நிண்டனான். வெடி எனக்குப் பக்கத்து மரத்திலை பட்டது. பட்டை தெறிச்சுக் கன்னத்திலை அடிச்சது. நான் நிண்டது அவருக்குத் தெரியாது. வேறை ஒருத்தரும் காணேல்லை.”

“செம்மஞ்சள் அங்கி?”

“போட்டிருந்தனான்.”

திரும்பி வரும்போது காரில் ஜெரார் வழி முழுக்கப் புலம்பியிருக்கிறார். பெரிய பன்றி ஒன்று தவறிவிட்டதாம். லூனெட் பழசாகிவிட்டதாம், நடுவில் புகை பிடித்த மாதிரித் தெரிகிறதாம், புதுசு வாங்க வேண்டுமாம். பக்கத்தில் இருந்த யோகன் கழுத்துப் பட்டிக்குள் இருந்த மரப்பட்டைத் துகள்களை விரலால் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“ஏன் நீர் அவருக்குச் சொல்லேல்லை?”

“எப்பிடி அண்ணை சொல்லுறது? அந்த மனுசன் எனக்கு என்ன செய்தவர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.” திரும்ப நடக்கத் தொடங்கியபடி சொன்னார்: “வன்னியிலை எங்களுக்குச் சுடுறவன் ஆரெண்டு தெரியாது. இஞ்சை தெரியுது. அதுதான் கூடக் கஷ்டம்.”

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் பிரெஞ்சில் நன்றாகக் கதைப்பேன். தன்னால் சொல்ல முடியாததை நான் சொல்வேன் என்று நம்பியிருக்கிறார்.

துவக்குக் கடையில் ஜெரார் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். பெரிய உடம்பு, சிவந்த முகம், எனக்குக் கை கொடுத்த பிடி இரும்பு. கடையை நடத்துவது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மதாம். மூன்று லூனெட்டுகளை மேசையில் வைத்தார். ஒன்று ஓடுகிற மிருகத்துக்கு — உருப்பெருக்கம் குறைவு, அகலமாகத் தெரியும். ஒன்று எல்லாவற்றுக்கும் பொது. மூன்றாவது பெரிய கண்ணாடி, மங்கல் வெளிச்சத்துக்கும் நெடுந்தூரத்துக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை வரிசை.

கடையின் பின் ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளங்கள். அதற்கு அப்பால் ஒரு சுவர், சுவரில் ஓர் இலக்கப் பலகை. “அதைப் பாருங்கள்” என்றார் மதாம். பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. லூனெட் பார்க்கச் சரியான நேரம்.

ஜெரார் முதலாவதை எடுத்துப் பார்த்தார். உடனே கீழே வைத்தார்.

“இது பழுது. குறுக்குக் கோடு வளைந்திருக்கிறது.”

மதாம் வாங்கிப் பார்த்தார். இரண்டாவதைக் கொடுத்தார்.

“இதுவும் வளைந்திருக்கிறது. எந்த ஊர்த் தயாரிப்பு இது?”

மூன்றாவது. அதுவும் வளைந்திருந்தது.

“குறுக்குக் கோடு வளையாது, முசியே” என்றார் மதாம், மெதுவாக. “அது கண்ணாடியில் பொறித்த கோடு.”

ஜெரார் மூன்றாவதை யோகனிடம் நீட்டினார். யோகன் வாங்கிக் கண்ணில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு அதை என்னிடம் தந்தார். நானும் பார்த்தேன். பலகையின் இலக்கம், அதற்குக் கீழே கறை, எல்லாமே துலக்கம். நடுவில் இரண்டு கோடுகள் — அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேர்.

அதை ஜெராரிடம் திருப்பிக் கொடுத்தேன். மதாம்தான் சொன்னார்.

“முசியே, ஒருமுறை மற்றக் கண்ணால் பாருங்கள்.”

ஜெரார் இடது கண்ணில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கீழே ஒரு ரயில் வந்து, கடந்து, சத்தமும் அடங்கியது. பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். கோடு நேராகத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய தோள்கள் இறங்கியதை நான் கண்டேன்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா?

“இதில் எது நல்லது?” என்று கேட்டார். மதாம் தயங்கினார். “இன்றைக்கு வாங்க வேண்டியதில்லை, முசியே” என்றார். ஜெரார் கேட்கவில்லை. பெரிய கண்ணாடி வைத்த மூன்றாவதைச் சுட்டிக்காட்டி, காசைக் கட்டி, பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை பூட்டிப் பார்ப்போம்” என்றார் யோகனிடம். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

வாசலில் நின்று யோகன் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன் — மரியாதையான சொற்கள், நோகாத சொற்கள். எத்தனை வருடப் பிரெஞ்சு!

யோகன் தன் சமையலறைப் பிரெஞ்சில் தானே சொன்னார்.

“முசியே, அன்றைக்கு நீங்கள் தவறவிட்ட பன்றி… அது நான்.”

ஜெரார் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதுபோல. மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“எவ்வளவு கிட்ட?” என்று கேட்டார்.

யோகன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஒரு கை நீளம்.

ஜெரார் பெட்டியைப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய காரின் மேல் வைத்தார். தன் கார் நின்ற பக்கம் போகவில்லை. நடக்கத் தொடங்கினார். நாங்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை. யோகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அடுத்த சில நாட்கள் ஜெரார் உணவகத்துக்கு வரவில்லை. வந்தபோது யோகனோடு கதைக்கவில்லை. தட்டு வரும், தட்டு போகும், அவ்வளவுதான். துவக்கைத் தொடவில்லை. டொக்டரிடமும் போகவில்லை. மாரி முழுக்க அப்படியே இழுத்தார். தை மாதம் பிறந்து, கையில் இருந்த கத்தி வெங்காயத்தை விட்டு விரலில் இறங்கிய ஒருநாள்தான் போனார்.

வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. இனி வராது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. மிஞ்சியதைக் காப்பாற்ற மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி. “ஒரு வருடம் முந்தி வந்திருக்கலாமே” என்று டொக்டர் சொன்னாராம். ஒரு வருடமாகவே வீட்டுக் கதவு நிலைகள் வளைந்து தெரிந்தனவாம். பழைய வீடு, சுவர் இறங்குகிறது என்று ஜெரார் ஒரு மேசனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

மேசனைக் கூப்பிட்டிருக்கிறார். வேட்டைக் கடைக்குப் போயிருக்கிறார். கண் டொக்டரிடம் மட்டும் போகவில்லை.

நாம் மட்டும் என்ன? நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் எனக்குத் தெரிந்த எத்தனை பேர், சீனி வருத்தம் கண்ணைத் தின்னத் தின்ன, போன் ஸ்கிரீன் சரியில்லை என்று புதுப் போன் வாங்குகிறார்கள். பிழை கண்ணாடியில் என்றால் கடையில் மாற்றலாம். பிழை நம்மில் என்றால்… அதை யார் கையில் கொடுத்து மாற்றுவது?

பார்வை போனதோடு ஜெரார் மாசியில் உணவகத்தைக் கைமாற்றினார். புது முதலாளி தன் ஆட்களோடு வந்தார். யோகனுக்கு வேலை போனது. இப்போது லூயி-பிளாங் தெருவில் ஒரு நம்மவர் கடையில் கொத்துரொட்டி போடுகிறார். சோஸ் வைத்த கைக்கு அங்கே வேலை இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் உன் வேலை இருந்திருக்குமே என்று கடையில் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னாராம்.

“அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?” என்று கேட்டேன்.

“என்னத்தைச் சொல்லுறது, அண்ணை. ஓம் எண்டன்.”

ஜெராருக்கு இப்போது கார் ஓட்ட முடியாது. பிள்ளைகள் தூரத்தில். ஊசி போடுகிற நாட்களில் யோகன்தான் லீவு எடுத்து, மெட்ரோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். படி இறங்கும்போது ஜெரார் அவருடைய ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொள்வாராம். அந்த வெடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை.

போன தடவை, காத்திருக்கிற அறையில், திடீரென்று திரும்பி யோகனின் முகத்தைத் தன் முகத்துக்குக் கிட்ட இழுத்தாராம். நேரே பார்த்தால் தெரியாது என்பதால் தலையைச் சரித்து, ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டு, “இந்தப் பக்கமா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஓம்” என்றாராம் யோகன். அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. ஆனால் ஜெராருக்கு விளங்கியதாம்.

இதைக் கேட்டு வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு கண் டொக்டருக்குப் போன் எடுத்தேன். ஆவணி மாதத்துக்குத்தான் இடம் இருக்கிறதாம்.