பனி என்று கேட்டது

அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் தபால் ஆபீஸ் ஐயா. அவர் கால்மாட்டில் நான், கையில் கம்பளியோடு. ஜன்னல் ஓரம் நோட்டும் பேனாவுமாக, ஆராய்ச்சிக்கு வந்த நர்ஸம்மா. வாசலில் டீ வாளியோடு சமையல்காரர். அவருக்குப் பின்னால், மாமியார் திதிக்குச் சாப்பாடு போட டவுனிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. மற்றக் கட்டில்களில் பத்துப் பேர். யார் வந்தார், யார் போனார் என்பது அவர்களுக்குத் தெரியாது என்று அப்போது நினைத்திருந்தேன்.

சமயநல்லூர் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த முதியோர் இல்லம். இப்போது இல்லை. மறதி நோய் வந்தவர்களுக்கு என்று அங்கே தனியாக ஒரு கூடம். பதினோரு கட்டில். இரண்டு ஆயா. அதில் ஒருத்தி நான். எழுமலைப் பக்கத்திலிருந்து வந்தவள். ஐந்தாவது வரை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இன்னொருத்திக்கு அதுவும் வராது. அதனால்தான் நோட்டு என் கைக்கு வந்தது.

ஐயா தை மாதம் வந்தார். மகன் கொண்டுவந்து விட்டார். மகனுக்குக் கப்பலூரில் சின்னக் கம்பெனி, பாட்டில் மூடி செய்கிற இடம். ஐயா முப்பது வருஷம் தபால் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்.

"அப்பா சாது அக்கா. அம்மா போனதுக்கப்புறம் வீட்ட விட்டு வெளிய போயிர்றாரு. ரெண்டு தடவ தண்டவாளத்துல போயிப் பிடிச்சோம். எனக்கு வேற வழி தெரியல. இங்கனயே இருக்கட்டும்."

"இருக்கட்டும் தம்பி. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது.

காலையில் பல் செட்டைக் கழுவி மாட்டிவிடப் போனால் ஐயா என் முகத்தைப் பார்ப்பார். "தந்தி இல்லம்மா. கடுதாசிதான். பயப்படாத" என்பார். தினமும் அதே. "சரிங்கய்யா" என்பேன். என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்த செய்தி எனக்குத் தந்தியில்தான் வந்தது. அவருக்கு அது தெரிய வழி இல்லை. ஆனாலும் காலையில் முதலில் அவர் கட்டிலுக்குத்தான் போவேன்.

மாசியில் நர்ஸம்மா வந்தார். நர்சிங் காலேஜில் பாடம் நடத்துகிறவர். மறதி வந்தவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆராய்ச்சி. செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் வருவார். குடித்த தம்ளரை அவரே கழுவி வைப்பார்.

"நோயப் பாக்காதீங்க அக்கா. ஆளப் பாருங்க" என்று ஆரம்பித்தார். "அவங்க யாரு, என்ன வேல பாத்தாங்க, என்ன பிடிக்கும், அது தெரிஞ்சா பாதி மாத்திர வேணாம்."

சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் ஒரு தாள் போடுங்கம்மா. உனக்கு என்ன பிடிக்கும்னு எம் பொண்டாட்டி கூட இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல."

"கேக்கணுமாண்ணே? சம்பளத்தன்னைக்கு நீங்க நடந்து வார நடையிலயே தெரியுதே" என்றேன்.

நர்ஸம்மா சிரித்துவிட்டார். பெரிய தாள் ஒன்றை விரித்தார். பதினோரு வரி, பதினோரு பேருக்கு. மேலே கட்டம் கட்டமாகக் கேள்வி. பார்த்த வேலை, பிடித்த சாப்பாடு, சாமி, பயம், வீட்டில் பேசும் மொழி. சொந்தக்காரர்கள் வரும்போது கேட்டு எழுதச் சொன்னார். கேட்டேன். எழுதினேன். வீட்டில் பேசும் மொழிக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. முதல் வரியில் தமிழ் என்று எழுதினேன். அதற்குக் கீழே பத்து வரிக்கும் இரண்டிரண்டு சின்னக் கோடு. மேற்படி என்று அர்த்தம். ரேஷன் கடையில் பார்த்துக் கற்றது. ஒரு நிமிஷ வேலை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "அவங்க வேற காலத்துல இருப்பாங்க. மாட்டப் பிடிச்சுக் கட்டுன்னு சொன்னா, மாடு ஏதுன்னு சண்ட போடாதீங்க. கட்டிட்டேன்னு சொல்லுங்க. கூடவே போங்க."

எனக்கு அது பிடித்துப்போனது. நிறைய மாடு கட்டினேன்.

பங்குனியில் ஐயாவின் பேச்சு குறைந்தது. தந்தி போனது. கடுதாசி போனது. பல் செட்டு மாட்டினால் துப்பிவிடுவார். பல் இல்லாத வாயில் எல்லாம் குழைந்து வரும். அதில் ஒரு வார்த்தை மட்டும் எங்களுக்கு விளங்கியது. பனி.

நாலரை, ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும். "பனி... பனி..." பொழுது சாயச் சாயக் கத்துவார். பிறகு அழுவார்.

"நமக்கு வேர்த்து ஊத்துது. ஐயா மட்டும் கொடைக்கானல்ல இருக்காரு" என்றார் சமையல்காரர்.

"சும்மா இருங்கண்ணே. அவருக்கு மார்கழி."

நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். "அதேதான் அக்கா. பனிதான்யான்னு சொல்லுங்க. போத்தி விடுங்க."

போர்த்தினேன். ஆஸ்பத்திரிக் கம்பளி, சிவப்பு. ஜன்னலைச் சாத்தினேன். ஐயா தள்ளிவிடுவார். மறுபடி போர்த்துவேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் இவர்களுக்குக் குழப்பம் கூடும், அதைக் கணக்கெடுக்க வேண்டும் என்றார் நர்ஸம்மா. நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தார். ஐயா ஒரு தடவை கத்தினால் ஒரு கோடு. பக்கத்தின் தலைப்பில் நர்ஸம்மா தன் கையாலேயே எழுதியிருந்தார்: காரணமில்லாத கூச்சல். தினமும் கோடு போட்டேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நாலு மணி டீயோடு சரி. அதற்கு மேல் குடிக்க ஒன்றும் கொடுக்க மாட்டோம். ராத்திரி மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். கொடுத்தால் படுக்கை நனையும். எழுதி வைத்த சட்டம் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவள் அப்படிச் செய்தாள். நானும் செய்தேன். நர்ஸம்மாவிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். "அந்தப் பெரியவரு சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. சித்திர முடியட்டும். அடங்கலைன்னா மகனக் கூப்பிட்டு ஒப்படைச்சிருவேன்."

"வீட்டுல பாக்க ஆளில்ல சார். தண்டவாளத்துக்குப் போயிருவாரு."

"அதுக்கு நான் என்னம்மா செய்யிறது?"

"அமத்திர்றேன் சார்" என்றேன்.

அதன் பிறகு கம்பளியின் இரண்டு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகினேன். ஐயாவின் கை இரண்டும் உள்ளே இருந்தன. தள்ள முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடப்பார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. நோட்டில் கோடும் குறைந்தது. நான் சரியாகச் செய்வதாக நினைத்தேன்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த டவுன் அம்மா வந்தார். மதியம் எல்லோருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு. டீ வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கூடத்துக்கு வந்தார். சமையல்காரர் டீ கொடுத்து முடித்திருந்தார். ஐயா பாதி டீயைச் சட்டையில் சிந்திவிட்டு ஆரம்பித்தார். நான் கம்பளியை எடுத்தேன்.

டவுன் அம்மா நின்றுவிட்டார். கட்டிலுக்குக் கிட்டே வந்து குனிந்து என்னமோ கேட்டார். எனக்குப் புரியாத பேச்சு. ஐயா தலையைத் திருப்பினார். பதில் சொன்னார். ஒரு வார்த்தை இல்லை, நீளமாக. அவர் அப்படிப் பேசிக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்னங்கம்மா சொல்றாரு?"

"தண்ணி கேக்குறாரு."

"பனிங்கிறாருல்ல?"

"பனி இல்லம்மா. பானி. எங்க சௌராஷ்டிரா பேச்சுல தண்ணிக்கு அதான் பேரு. பல்லில்லாத வாயி, உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கு."

நர்ஸம்மா ஜன்னலை விட்டு வந்தார். "வேற என்ன சொன்னாரு?"

டவுன் அம்மா என்னைப் பார்த்தார். தயங்கினார்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"தண்ணி கேட்டா போத்தி விடுறாங்கன்னு சொல்றாரு."

கம்பளியைக் கீழே வைத்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நர்ஸம்மா, "மெதுவா, மெதுவா" என்றார். பிறகு ஐயாவின் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கிய தோல் அப்படியே நின்றது.

"மூத்திரம் எப்பப் போனாரு அக்கா?"

"காலைல. கொஞ்சூண்டு. செவசெவன்னு இருந்துச்சு."

"மேல தொட்டுப் பாருங்க. கொதிக்குது."

சூடு கம்பளியால் என்று நான் நினைத்திருந்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீர் வற்றி, மூத்திரத்தில் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஊசியில் மருந்து ஏற்றினார்கள்.

மகன் கம்பெனியிலிருந்து அப்படியே வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"வீட்டுல என்ன பேச்சு தம்பி பேசுவீங்க?"

"எங்க பேச்சுதான்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையேக்கா." கோபமாகச் சொல்லவில்லை. "ஆபீஸ்ல அம்புட்டு வருஷமும் தமிழ்தான் பேசுனாரு. அது முன்னாடி போயிரும், இது மட்டும் நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். "பானியா ஐயா?" என்று கேட்பேன். வாயைத் திறப்பார். ஸ்பூனில் ஊற்றுவேன். கழுத்தில் இறங்குவதைப் பார்ப்பேன். மறுபடி கேட்பேன். மூன்றாம் நாள் பதினோரு கட்டிலில் மிச்சம் பத்து இருக்கிறது என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். "வாரேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் காலையில் மகன் இல்லத்துக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வந்தார். கட்டில் காலியாக இருந்தது. அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"காரணமில்லாதன்னு எழுதுனது நாந்தான் அக்கா" என்றார்.

"மேற்படின்னு போட்டது நான்."

பெரிய தாளை எடுத்துக்கொண்டு மிச்சம் பத்துப் பேரின் வீட்டிலும் விசாரித்தோம். ஒரு பெரியம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு. இரண்டு கோட்டை அழித்துவிட்டு எழுதினேன். நாலு மணி வழக்கத்தை நர்ஸம்மா மேனேஜரிடம் பேசி நிறுத்தினார். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் சொம்பு வைத்தோம். படுக்கை நனைந்தது. துவைத்தோம்.

பிறகு ஒரு நாள் அந்த நாற்பது பக்க நோட்டைக் கேட்டார். தலைப்பை அடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். அதற்கு மேலே நான் எழுதினேன்: தண்ணீர் கேட்டது. எழுதி முடிக்க நேரம் ஆனது.

"இதுல எம்புட்டு இருக்குன்னு தெரியணும். நான் எண்ணட்டுமா அக்கா?"

"நானே எண்ணுறேன்."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணினேன். சமையல்காரர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். முதல் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். அதே கணக்குத்தான் வந்தது.

நானூற்றுப் பதினேழு.