செலினியமும் செல்லியம்மனும்

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்ஸைக்கூட நோயாளிகள் மன்னித்துவிடுவார்கள். சாப்பிடச் சொல்லி வந்து நிற்கிற டயட்டீசியனை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். தொண்ணூறுகளில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் இதய வார்டில் நான் பார்த்த வேலை அதுதான். வேண்டாம் வேண்டாம் என்று ஓடும் பிள்ளையின் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. வாருங்கள், நம் கஷ்டத்தை நாமே பேசிக்கொள்வோம்.

காங்கேயம் பஸ்

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் கொஞ்ச நாளைக்குப் பாதி இங்கே, பாதி வேறெங்கோ இருப்பார்கள். மத்தியானத்தில் அந்த வார்டே அப்படித்தான் இருக்கும். பச்சைத் திரைச்சீலைகள் காற்றில் உப்பும், அடங்கும். மின்விசிறி முனகும். யாரோ தூக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ரங்கசாமி சிங்காநல்லூரில் ஃபவுண்டரி வைத்திருந்தார். பம்புசெட்டுக்கு இரும்பை உருக்கி வார்க்கிற தொழில். ஆபரேஷன் முடிந்து அவர் வார்டுக்கு வந்த அன்று கஞ்சியோடு போய் நின்றேன். கண்ணை அரைவாசி திறந்தார். திரைச்சீலை அசைவதைப் பார்த்ததும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய மாமனார் ஊர் காங்கேயம். என்னை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "கஞ்சி இப்ப வேண்டாங்க. காங்கேயம் வந்தா மட்டும் எழுப்பி உடுங்க."

உருக்கி ஊற்றிய உடம்பு

அவருக்குத் தெளிவு திரும்பிவிட்டது, நாக்குதான் திரும்பவில்லை. இட்லி, ரசம் சாதம், இளநீர், எதைக் கொடுத்தாலும் "மண்ணாட்டம் இருக்குதுங்க" என்று தள்ளிவிடுவார். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. நெஞ்சில் போட்ட தையல் மேலே அழகாக ஒட்டிக்கொண்டது. கீழ்முனை மட்டும் ஒட்டாமல் ஈரமாகவே இருந்தது. சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர் சாப்பிடலைன்னா இது ஆறாது. மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இன்னொரு தடவை தாங்குவாரான்னு எனக்கே தெரியலை" என்றார்.

சர்ஜனுக்கு அந்தச் சமயத்தில் நுண்சத்துகள் மேல் புதுக் காதல். ஜிங்க் குறைந்தால் புண்ணும் சீக்கிரம் ஆறாது, ருசியும் மங்கும் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அதை ரங்கசாமிக்கு விளக்குவது என் பொறுப்பு. கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். உடம்புக்குத் துளியூண்டு ஜிங்க் வேண்டும், காப்பர் வேண்டும், மாங்கனீஸ் வேண்டும். எள்ளு, நிலக்கடலை, பூசணி விதை இதிலெல்லாம் கிடைக்கும் என்றேன். அவர் முகம் வெளிறிப்போய் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இதெல்லாம் நாங்க காஸ்டிங்குல போடறதுங்க அம்மிணி. நான் மயக்கத்துல இருந்தப்ப என்னையும் உருக்கி ஊத்திப்போட்டீங்களா?"

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் உக்கடத்து ஜவுளிக்கடை பாய். அவருக்கும் இதே ஆபரேஷன்தான். ஆனால் நாக்கு ஜோராக வேலை செய்தது, அதுவும் என்னைத் திட்டுவதற்கென்றே. எள்ளை வறுத்துப் பொடித்து, பூசணி விதை தூவி, உப்பைக் குறைத்து, ரங்கசாமிக்காகப் பார்த்துப் பார்த்து ஒரு கஞ்சி தயார் பண்ணினேன். பாய்க்கும் ஒரு கிண்ணம் வைத்தேன். ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அப்புறம் ரங்கசாமி பக்கம் திரும்பி மனதார ஆறுதல் சொன்னார்: "கவுண்டரே, ருசி தெரியலைன்னு வருத்தப்படாதீங்க. இந்தக் கஞ்சிக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லதுங்க."

செலினியம்

ரங்கசாமியின் மனைவி சரசு. ஆபரேஷன் நடந்ததிலிருந்து வார்டே கதி என்று கிடந்தார். ஒவ்வொரு தட்டு திரும்பிப் போகும்போதும் அந்த அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல், ஜிங்க் மாதிரியே இன்னொரு நுண்சத்தை நினைத்துக்கொண்டு, "செலினியம்கூடக் குறையா இருக்கலாம்க்கா, பார்த்துக்கலாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சரசுவைக் காணோம். பொழுது சாய்கிற நேரத்துக்கு நெற்றி நிறைய குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக வந்து சேர்ந்தார். பழத்தைப் புருஷன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "செல்லியம்மனுக்குக் கொறைன்னு நீங்க சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதுங்க கண்ணு. இன்னைக்குப் போயி பொங்க வெச்சுப்போட்டு வந்துட்டேன். கல்யாணத்தப்ப நேந்துக்கிட்டதை நாங்க மறந்துபோட்டது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

கனவில் பந்தி

மாத்திரையும் உள்ளே போனது, பொங்கலும் வைத்தாயிற்று. காயம் அப்படியேதான் இருந்தது. ரங்கசாமி இளைத்துக்கொண்டே வந்தார். ஆனால் தூங்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஒரு மத்தியானம் காரணத்தைச் சொன்னார். கனவில் சாப்பிடுகிறாராம். சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதம், மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர். அத்தனையும் ருசிக்கிறதாம். விழித்ததும் நாக்கிலிருந்து போய்விடுகிறதாம். "என்னையத் தூங்கவே உட்டுருங்களேன்" என்று கெஞ்சினார்.

கனவில் விழுகிற நெய்யைத் தடுக்க எந்த டயட்டீசியனுக்கும் அதிகாரம் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நெய் வாசனை வந்தது. கையில் இருந்த தட்டை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. தட்டு வந்தாலே கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அவர் இப்படியே எங்கள் கைக்கு எட்டாமல் போய்விடுவாரோ என்று இருந்தது. சரசு மட்டும் அசையாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புருஷன் காதருகே குனிந்தார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. கனவுல உங்களுக்குப் பரிமாறுனது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

அரிசிம்பருப்பு

கனவில் கேட்பதை நனவில் கொடுத்துத்தான் பார்ப்போமே என்று, நெய்யில்லாமல், அரை உப்போடு வீட்டிலிருந்தே அரிசிம்பருப்பு கொண்டுவரச் சொன்னேன். சரசு வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏற்றினார். வார்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகின உடம்பு. சுவரில் சாய்ந்தவர் அங்கேயே அசந்துவிட்டார். எழுந்து பார்த்தால் சோறு கருகிக் கிடக்கிறது. மறுபடி ஆக்க நேரமில்லை. அந்த மனுஷனுக்குத்தான் எல்லாம் மண்ணாயிற்றே என்று மேலாக எடுத்து டிபன்பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இதை அப்போது என்னிடம் சொல்லவில்லை. நானும் நம்பிக்கையில்லாமல் என் அறைக்குப் போய்விட்டேன். ஜன்னலுக்கு வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கண் சொக்கியது.

தடதடவென்று யாரோ ஓடி வரும் சத்தம். கதவைத் திறந்தால் சரசு. மூச்சு வாங்குகிறது, முந்தானை தரையில் புரள்கிறது. ஐயோ, காயம் பிரிந்துவிட்டதா, என்ன ஆச்சோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அந்த டிபன்பாக்ஸை ஒரு பருக்கை விடாமல் ரங்கசாமி காலி செய்ததும், அதற்குப் பிறகு வேளாவேளைக்குச் சாப்பிட்டதும், காயத்தின் வாய் மெல்ல மூடிக்கொண்டதும், அவர் இன்னொரு தடவை தியேட்டர் வாசலை மிதிக்காமலே வீடு போய்ச் சேர்ந்ததும் பின்னால் நடந்தவை. அந்த நிமிஷம் சரசு கதவைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் கத்தியது இதைத்தான்: "அம்மிணி, ஓடியாங்க! சோறு அடி புடிச்சுப்போச்சுன்னு என்னைய வையறாருங்க!"

அன்றிலிருந்து என் சமையலை யார் குறை சொன்னாலும், நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுவிடுகிறேன்.