பீரோவில் எட்டு வருடம் இருந்த ஷாம்பெய்ன்

இன்று முத்தியால்பேட்டையில் தங்கை மகன் வீட்டில் விருந்து. பாரிஸிலிருந்து அவன் மச்சான் கொண்டுவந்த உயர்ந்த ரக ஷாம்பெய்னை எட்டு வருடமாகப் பட்டுப்புடவைகளோடு பீரோவில் பூட்டி வைத்திருந்தான்.

திறக்க என்னைத்தான் கூப்பிட்டான். முப்பது வருடம் ஓட்டல்களில் பாட்டில் திறந்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை, ருசித்தே கற்றேன்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. "பீரோ சூட்டுல வெந்து கெட்டுடுச்சுப்பா. கொட்டிடு."

"பிரான்சு சரக்கு கெடுமா மாமா? உங்க நாக்குதான் செத்துப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். "பழசுன்னா இப்படித்தான் இருக்கும், பிரமாதம்" என்றார்கள். வாதாடி அலுத்துவிட்டேன்.

கிளம்பும்போது பார்த்தேன். பாராட்டிய ஆறு பேருடைய கிளாசும் அப்படியே நிரம்பியிருந்தது.

இன்னொரு பாட்டில் இருக்கிறதாம். அதற்கு என்னைக் கூப்பிட மாட்டானாம். குடித்து முடிக்க உங்களில் யார் போகிறீர்கள்?