யார் கூட சாப்டீங்க?

பிஸ்மி சொல்லி, கிண்ணத்து உப்பை ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார் பக்கீர் முஹம்மது பாய். கண்ணை மூடுவார். அந்த உப்பு கரைந்து முடியும்வரை வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. அதற்குள் நெய்ச்சோற்றின் ஆவி அடங்கிவிடும். பசியோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். "அவசரப்படாதீங்க டீச்சர். நம்ம அளத்து உப்பு. அது மொதல்ல போயி வழி சொல்லும், அப்புறம் சோறு போவும்" என்பார்.

மரக்காணத்தில் அவர் வீட்டு மாடி அறைக்கு இரண்டாயிரத்து நாலில் குடிவந்தேன். தொடக்கப் பள்ளியில் வேலை. வந்த மறுநாளே மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டார்: "யார் கூட சாப்டீங்க?" சாப்பிட்டாயா என்று கேட்கிற ஊரைப் பார்த்திருக்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற ஊரும் தெரியும். இது புதிதாக இருந்தது. "தனியாத்தான்" என்றேன். நான் பட்டினி கிடந்ததாகச் சொன்னதுபோல் அவர் முகம் மாறிவிட்டது. "சாயிரா, இந்தப் பொண்ணு தனியா சாப்டுச்சாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த வெள்ளிக்கிழமை முதல் அவர்கள் சஹனில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

சஹன் என்பது ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகலமான தாலம். அவரவருக்கு எதிரே உள்ள ஓரம் அவரவருடையது. பல வீடுகளில் கல்யாண விருந்துக்குத்தான் அதை எடுப்பார்கள். பாய் வீட்டில் வெள்ளிதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் அது கூடத்துக்கு வந்துவிடும். பாய், அவர் மனைவி சாயிரா, மருமகள் ஜுவைரியா, பேத்தி ஃபர்ஹானா, அப்புறம் நான். மகன் உபைத் ஷார்ஜாவில் இருந்தார். அவருடைய ஓரத்தைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். கறித்துண்டு எதுவும் பாயின் பக்கம் தங்காது. நல்ல துண்டாகப் பார்த்துச் சோற்றுக்கடியிலேயே தள்ளித் தள்ளி எதிர்ப்பக்கம் சேர்த்துவிடுவார். கையும் களவுமாகப் பிடித்தால், "அதுவா நடந்து வந்துச்சு" என்பார்.

சுனாமிக்கு மறுநாள் இந்தச் சஹனில்தான் சோற்றைக் குவித்து, தலையில் சுமந்துகொண்டு, மீனவக் குடும்பங்கள் தங்கியிருந்த எங்கள் பள்ளிக்கு வந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் உபைதின் போன் வரும். சம்பளம், விசா, வெயில், எதையும் பாய் கேட்க மாட்டார். "யார் கூடப்பா சாப்ட?" மகன் இரண்டு பெயர் சொன்னால் போதும். ரிசீவரைச் சாயிராவிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

மற்ற நாட்களில் காலையிலேயே அளத்துக்குக் கிளம்புவார். வாலிப வயதில் குத்தகைக்கு எடுத்த உப்பளம். வேலையெல்லாம் கன்னியப்பன் பார்த்துக்கொள்வார். பாய் வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்து கனவு காண்பார். ஒருநாள் என் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். பாத்தி முழுக்க வானம். மேகம் காலடியில் நகர்ந்துகொண்டிருந்தது. தூரத்துக் குவியல்கள் தரையைத் தொடாமல் வெயிலில் மிதந்தன. எது தண்ணீர், எது வெளிச்சம் என்று பிரிக்க முடியவில்லை.

"கால வெச்சிடாதீங்க டீச்சர், வானம் கலைஞ்சிடும்" என்றார் பாய்.

உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கன்னியப்பன் சிரித்தார். "இப்படியே சொல்லிச் சொல்லி இந்தப் பாத்திய இன்னும் வாரவே இல்ல டீச்சர்."

"நேத்து கனவுல மதினா போயிருந்தேம்பா கன்னியப்பா. அங்கயும் நீதான் உப்பு வாரிட்டு இருந்த."

"கூலி குடுத்தாங்களா பாய்?"

"சோறு போட்டாங்க. எல்லாருக்கும் ஒரே சஹன்."

அந்த மனிதருக்குத்தான் மறுவருஷக் கோடையில் கால் வீங்கியது. பாண்டிச்சேரி டாக்டர் ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் என்று ஏதேதோ சொல்லி, உப்பைத் தொடக் கூடாது என்று முடித்தார். லாரி லாரியாக உப்பு ஏற்றி அனுப்புகிறவருக்கு ஒரு சிட்டிகை கிடையாது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் வருத்தப்பட்டார்கள். பாய் நோய்க்குப் பயப்படவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பொம்மையார்பாளையம் தாண்டியதும், "என்னத் தனித் தட்டுல உக்கார வெச்சிடுவியா?" என்று மட்டும் கேட்டாராம். சாயிரா சொன்னது இது.

"வெப்பனா நானு?" என்று பதில் சொன்ன சாயிரா, அந்த வெள்ளி முதல் சஹனுக்கு உப்பில்லாமல் சமைத்தார். வேண்டியவர்கள் தங்கள் ஓரத்தில் தூவிக்கொள்ள வேண்டியது. பாய்க்கு முன்னால் காலிக் கிண்ணம். அவர் அதையும் விடவில்லை. பிஸ்மி சொல்லி வெறும் கிண்ணத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். இல்லாத உப்பு கரையும்வரை நாங்கள் காத்திருந்தோம். அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை.

சில வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். பாயின் தாராளம் கூடிவிட்டது. கறித்துண்டை ஃபர்ஹானா பக்கம் தள்ளுவார். திரும்பி வருகிற கை, அவள் ஓரத்திலிருந்து ஒரு கவளத்தையும் கூட்டிக்கொண்டு வரும். உப்புப் போட்ட சோறு! வாயில் போட்டதும் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. கால் வீக்கம் ஏன் வடியவில்லை என்று புரியாமல் டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொண்டிருந்தார். சாயிராவும் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அடுத்த வெள்ளி உப்பு ஜாடியே கூடத்துக்கு வரவில்லை.

"இனிமே யாருக்கும் கெடையாது. எல்லாரும் ஒண்ணா இப்படியே சாப்டுவோம்" என்றார்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வாய்தான் அன்று குப்பைத் தொட்டி. ஜுவைரியா தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினார். நான் ஊறுகாயை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ஃபர்ஹானாவுக்கு ஏழு வயது, நடிக்கத் தெரியவில்லை. முதல் வாரம் இரண்டு வாய் தின்றாள். அடுத்த வாரம், "பசிக்கல தாத்தா" என்று எழுந்து போய்விட்டாள். பாய் தள்ளிய கறித்துண்டு அவள் ஓரத்தில் அப்படியே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயிரா, எனக்கு ஒரு தட்டு எடுத்தா."

"எதுக்குங்க?"

"நான் தனியா வெச்சுக்கறேன். புள்ளைங்களுக்கு உப்பு போடு."

யாரும் அசையவில்லை. அவரே எழுந்து, கனத்த காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஓர் எவர்சில்வர் தட்டோடு திரும்பினார். தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். "ஃபர்ஹானா, வாம்மா. உப்பு போட்டாச்சு." அதற்கப்புறம் அவர் கை சஹனுக்குள் வரவேயில்லை. அன்று போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மகன் அதையே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். "நானா? எல்லார் கூடயும்தாம்பா" என்றார் பாய். நான் மாடிக்குப் போய் அழுதேன்.

ரம்ஜான் கழிந்த ஐப்பசி மழையில், அளத்துக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிய வாரத்தில், ஜும்மாவுக்குக் குளித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கன்னியப்பன் நனைந்தபடி வந்து அவர் முகத்தைப் பார்த்தார். "கனவுல இருக்காரு டீச்சர், எழுப்பாதீங்க" என்றார். உபைத் வந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவைச் சாயிரா இருந்த மாதங்களில் தன் அறையை விட்டு அதிகம் வரவில்லை. சஹன் பரணில் ஏறிவிட்டது. நான் மாடியில் தனியாகச் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் மழை நீண்டதால் உப்பு தாமதமாகத்தான் விளைந்தது. பங்குனியில் இத்தா முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, கன்னியப்பன் ஒரு துணி முடிச்சோடு வாசலில் நின்றார். "மொத உப்ப பாய் கைல குடுக்காம வியாபாரிக்குப் போட்டதே இல்லீங்கம்மா. இந்த வருசம் உங்க கைல குடுக்கறேன்."

சாயிரா வாங்கிக்கொண்டார். சஹனை இறக்கிக் கழுவச் சொன்னார். சோறு உப்புப் போட்டே வெந்தது. பாயின் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். ஃபர்ஹானா பழக்கத்தில் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்தாள். அதட்ட வாயெடுத்த ஜுவைரியாவைச் சாயிரா கையமர்த்தினார். தட்டை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, பிஸ்மி சொல்லி, சஹனில் பாயின் ஓரத்தில் வைத்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அது கரையும்வரை நாங்கள் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.