மடங்கிய கணுக்காலும் சூடான எண்ணெயும்

போன சனிக்கிழமை கிள்ளான் திடலில் நான் கத்திவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பஸ்ஸில் மணியை அடிக்கக்கூடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவள் நான்.

எங்கள் பெண்கள் ஹாக்கி கிளப்புக்கு ஐஸும் தண்ணீரும் கொண்டுபோவது என் வேலை. அன்று லேசான பயிற்சிதான். பத்மா பந்தைத் துரத்திச் சட்டென்று திரும்பினாள். கணுக்கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பத்மாவுக்கு நாற்பத்தொரு வயது. எத்தனையோ வருடமாக ஆடுகிறாள், ஒரு ஃபைனலிலும் கால் வைத்ததில்லை. இந்த வருடம்தான் வாய்த்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்!

காலில் என்ன போட்டிருந்தாள் தெரியுமா? ஜாகிங் ஷூ! ஹாக்கி ஷூவின் அடி பிய்ந்துவிட்டதாம். நம் மலேசிய வெக்கையில் மாதக்கணக்காகப் பையிலேயே கிடந்தால் பசை விடாதா? ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து வளைத்துப் பாருங்கள். ஜாகிங் ஷூ நேராக ஓடுவதற்கு. குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும். ஈரத் திடலில் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால்...?

கேப்டன் வசந்தி எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்ல லா. நல்லா சூடு பறக்க உருவி விட்டா நாளைக்கு ஓடுவா."

"சீக்கிரம் உருவுங்கக்கா," என்றாள் பத்மா.

"தொடாதே!"

அது என் குரல் என்று எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

"ஆன்டி... உங்களுக்குக் கத்தக்கூட வருமா?" என்றாள் வசந்தி.

வரும். என் மகள் தெரேசாவின் காலும் இப்படித்தான் மடங்கியது. எண்ணெயைச் சூடாக்கி, அவள் அழ அழ உருவிவிட்டவள் நான்தான். நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்? மறுநாள் துணியை இறுக்கிக் கட்டி ஆட அனுப்பினேன். ஜெயித்தார்கள். ஆனால் அந்தக் கால் அதற்குப் பிறகு சொன்னபடி கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில் மட்டையை வைத்துவிட்டாள். இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் பேசுவாள் — ஹாக்கியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாள். இடது ஓரமாக அவள் ஓடும்போது பின்னல் முதுகில் துள்ளும். இன்னும் ஒரே ஒரு தடவை அதைப் பார்க்க மாட்டோமா என்று இருக்கும்.

பிறகு ஒரு பிசியோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புது அடியை உருவக்கூடாது, சூடும் கூடாது. இரண்டுமே வீக்கத்தைக் கூட்டும். ஐஸைத் துண்டில் சுற்றிக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். அப்புறம் பேண்டேஜ் சுற்றிக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். நான்கு அடி நடக்க முடியவில்லையா? எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

பத்மாவால் இரண்டு அடிகூட நடக்க முடியவில்லை. கிளினிக்குக் கொண்டுபோனோம். எலும்பு தப்பியது, ஜவ்வு கிழிந்திருந்தது. ஆறு வாரமாவது ஆடக்கூடாது என்றார் டாக்டர்.

"கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிடுங்க ஆன்டி. ஒரே ஒரு மேட்ச் லா. எனக்கு இன்னொரு ஃபைனல் வருமா?"

"வருமான்னு எனக்குத் தெரியாதும்மா. கட்டமாட்டேன்."

வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊன்றுகோலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவள் காலை ஒரு பையின் மேல் நீட்டிவிட்டேன். பேசாமலேயே பார்த்தாள். அவள் இடத்தில் ஆடிய பெண் வாய்க்காப்பைக் கழற்றிச் சாக்ஸில் சொருகியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏய்! பல்லு என்ன சாக்ஸுக்குள்ளயா இருக்கு? வாயில போடு லா!"

ஒரு கோலில் தோற்றோம். பத்மா அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆறு வாரம்னா எந்தத் தேதி ஆன்டி?" என்று கேட்டாள்.

தெரேசாவையும் அன்று இப்படி உட்கார வைத்திருக்கலாம்... முறைத்துக்கொண்டாவது என் பக்கத்தில் இருந்திருப்பாள்.